பால்கனியில் மழை லில்லி: இலை செழிக்கிறது, பூவைக் காணோம்

வெள்ளவத்தை பால்கனி:
எல்லாருக்கும் வணக்கம். தியத்த உயனவில் வாங்கிய மழை லில்லிச் சாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. வாங்கும்போது ரோஸ் நிறத்தில் நிறையப் பூ. அதற்குப் பிறகு வெறும் இலைதான். நாலாம் மாடி, கடலைப் பார்த்த மேற்குப் பால்கனி. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அல்பர்ட் கரைசல் என்ற திரவப் பசளை. இலை நீண்டு வளர்ந்து சாடியின் விளிம்புக்கு வெளியே சரிந்து கிடக்கிறது. மாமி வந்து பார்த்துவிட்டு, "வெங்காயம் நட்டு வைத்திருக்கிறாயோ?" என்று கேட்கிறார். குமிழ் பழுதாகிவிட்டதா? பெரிய சாடிக்கு மாற்ற வேண்டுமா?

மண்புழு, தெஹிவளை:
குமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. பழுதானால் இலை இப்படி வராது. உங்கள் கவனிப்புத்தான் கூடிப்போய்விட்டது.

இந்தச் செடிக்கு வேண்டியது ஒரு காய்ச்சல், அதற்குப் பிறகு ஒரு நனைச்சல். மண் நன்றாகக் காய்ந்து சில கிழமை அப்படியே கிடக்க வேண்டும். அதன்பின் ஒரு பெருமழை பெய்தால் மூன்று நான்கு நாளில் மண்ணிலிருந்து சிவந்த கூர் ஒன்று எட்டிப் பார்க்கும். அடுத்த நாள் அது விரலளவு, அதற்கடுத்த நாள் பூ. ஒரு தண்டுக்கு ஒரு பூத்தான். நீங்கள் நாளுக்கு இரண்டு தரம் ஊற்றினால் செடிக்கு எது கோடை, எது மாரி என்று எப்படித் தெரியும்? அதன் கணக்கில் வருஷம் முழுக்க ஒரே காலம். இலை போட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது மாசி. கொழும்பில் தையும் மாசியும்தான் மழை குறைந்த மாதங்கள். நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே தண்ணீரை நிறுத்துங்கள். அல்பர்ட்டையும் நிறுத்துங்கள். இலை நுனி மஞ்சளாகும், சில இலை படுத்துவிடும், பயப்பட வேண்டாம். பங்குனிக் கடைசியில், சித்திரையில் பின்னேரம் இடி இடித்துப் பெய்யும் மழை வருமே, அப்போது சாடியைத் தூக்கி மழையில் வையுங்கள்.

பெரிய சாடிக்கு மாற்றவே மாற்றாதீர்கள். இது நெருக்கத்தை விரும்பும் செடி. ஒரு சாண் அகலச் சாடியில் பத்துப் பன்னிரண்டு குமிழ் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தால்தான் பூப்பு அழகாக இருக்கும்.

செம்பருத்தி, கொட்டாஞ்சேனை:
மண்புழு தம்பி சொன்னது சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார், வெயில். எத்தனை மணித்தியாலம் வெயில் படுகிறது, பிள்ளை? மேற்குப் பால்கனி என்றால் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும். கம்பிக்கு உள்ளே, சுவரோரம் வைத்திருந்தால் அதுவும் கிடைக்காது. இலை நீண்டு சரிகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தவுடனேயே எனக்கு இதுதான் தோன்றியது. வெயிலில் நிற்கும் மழை லில்லியின் இலை கட்டையாக, நிமிர்ந்து நிற்கும். குறைந்தது ஐந்து மணித்தியால வெயில் வேண்டும்.

அல்பர்ட் கரைசலை நான் முற்றாக விடச் சொல்ல மாட்டேன். பூத்து முடிந்தபின் இலை இருக்கும் காலத்தில் மாதம் ஒருக்கால், பாதி அளவில் கொடுக்கலாம். அந்த இலைதான் அடுத்த பூவுக்குக் குமிழில் சேர்த்து வைக்கிறது. அதனால் அழகுக்காக இலையை வெட்டி விடாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் கிழமைக்குக் கிழமை கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுவார்கள். அங்கே பூவை நான் கண்டதே இல்லை.

தலைகீழ் வாளி, கிருலப்பனை:
மழையில் வை, இடியில் வை என்று எல்லாரும் சொல்கிறார்கள். மழைத் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் அப்படி என்ன வித்தியாசம்? கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்தம் செய்தது. மற்றப் பங்கு லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. இரண்டுமே மழையாகப் பெய்த தண்ணீர்தான். குளோரின் கொஞ்சம் இருக்கும். குடிக்கும் அளவு குளோரினால் செடிக்கு ஒன்றும் ஆகாது. காயப்போட்டுவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் பூக்கத்தான் வேண்டும். இடி மின்னலில் நைட்ரஜன் இறங்குகிறது என்ற கதையை தயவு செய்து இங்கே தொடங்க வேண்டாம்.

கொட்டகைக்காரன், கல்கிசை:
தொடங்கத்தான் போகிறேன். என் வீட்டில் ஒரே நாள் நட்ட இரண்டு வரிசை இருக்கிறது. கூரைக்கு வெளியே உள்ளது மழைக்குப் பூக்கும். கொட்டகைக்கு உள்ளே உள்ளதற்கு நான் ஹோஸ் பிடித்து எவ்வளவு ஊற்றினாலும் அங்கொன்று இங்கொன்றுதான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தலைகீழ் வாளி:
கொட்டகைக்குள் வெயில் இல்லை என்று சொல்கிறேன். செம்பருத்தி அக்கா மேலே எழுதியதை வாசியுங்கள்.

மண்புழு:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். வாளியில் ஊற்றினாலும் பூக்கும் என்பது உண்மை. மழைக்கு அதைவிடக் கூடப் பூக்கும் என்பதும் பலர் கண்டதுதான். என் அபிப்பிராயம், வித்தியாசம் தண்ணீரில் அல்ல, நனையும் விதத்தில் இருக்கிறது.

மண் முற்றாகக் காய்ந்த சாடியை உற்றுப் பாருங்கள். மண் சுருங்கி, சாடியின் ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி விட்டிருக்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளியால் நேரே இறங்கி அடித்துளையால் போய்விடும். கீழே வழிவதைக் கண்டு சரி, நனைந்துவிட்டது என்று நினைப்போம். விரலை விட்டுப் பார்த்தால் இரண்டங்குலத்துக்குக் கீழே மா போலக் காய்ந்திருக்கும். மழையோ மணிக்கணக்கில் பெய்கிறது. மண் மெல்ல மெல்ல ஊறி, குமிழின் அடியில் உள்ள வேர் முழுக்க நனைகிறது. கூடவே காற்றும் மண்ணும் குளிர்கின்றன, சாடியில் படிந்திருக்கும் பசளை உப்பும் கழுவுப்பட்டுப் போகிறது.

குழாய்த் தண்ணீரால் செய்வதென்றால், ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பிச் சாடியை விளிம்பு வரை அமிழ்த்தி வையுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை, ஒரு அரை மணித்தியாலம். பிறகு எடுத்து நன்றாக வடிய விடுங்கள். அடுத்த நாளும் ஒருக்கால் செய்யுங்கள். ஹோஸ் பிடிப்பதும் இதுவும் ஒன்றல்ல.

பூமொட்டு மழை கண்ட பிறகு உருவாவதில்லை, அது முன்னமே குமிழுக்குள் இருக்கிறது. பிரிக்கும்போது மண்வெட்டி பட்டு அறுந்த பெரிய குமிழ் கிடைத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெள்ளைச் செதில்களுக்கு நடுவே, பென்சில் முனையளவில், வெளிறிய மொட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். காய்ச்சலில் அது அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறது. ஈரம் பட்டதும் தண்டு நீள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மூன்று நாளில் பூ வர முடிகிறது, எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தும் வருகிறது.

வெள்ளவத்தை பால்கனி:
நன்றி எல்லாருக்கும். தண்ணீரை நிறுத்திவிட்டேன், கை துறுதுறுக்கிறது. வெயில் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நன்றாக அடிக்கும், சாடியைக் கம்பியோரம் நகர்த்திவிட்டேன். இன்னொரு கேள்வி. இலை நுனி கருகிப் பழுப்பாக இருக்கிறது. அது இந்த மாதம் தண்ணீர் நிறுத்தியதால் அல்ல, முன்பே அப்படித்தான். கடல் காற்றா?

செம்பருத்தி:
கடல் காற்றுத்தான், பிள்ளை. மெரின் டிரைவ் பக்கம் கதவுக் கீல் கூட நின்று பிடிக்காதே. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு வந்து இலையில் படியும். கிழமைக்கு ஒருக்கால் இலையைக் கழுவி விடுங்கள், கழுவுகிற தண்ணீர் சாடிக்குள் தேங்காமல் சரித்துப் பிடித்துக்கொண்டு. உங்கள் தொடர்மாடியில் குழாய்க்கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும்.

அது சரி, சாடிக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா?

வெள்ளவத்தை பால்கனி:
வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் கீழ்வீட்டுப் பால்கனியில் ஒழுகும், சண்டை வரும்.

தலைகீழ் வாளி:
அந்தத் தட்டை முதலில் எடுங்கள், அல்லது விளிம்பு வரை மணலால் நிரப்புங்கள். டெங்கு நுளம்பு இட்ட முட்டை நுளம்பாகிப் பறந்து போக ஒரு கிழமை, பத்து நாள் போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது சாடித் தட்டைத்தான். நுளம்பை விடுங்கள், தட்டில் நிற்கும் தண்ணீரை மண் மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீங்கள் மேலே ஊற்றாவிட்டாலும் காய்ச்சல் கிடைக்காது.

ரொறன்ரோ மாப்பிள்ளை:
நான் சித்திரை வருடப் பிறப்புக்குக் கொழும்பு வருகிறேன். அம்மாவின் வீடு பம்பலப்பிட்டியில். இங்கே கடைகளில் டியூலிப், ஹயசிந்த் குமிழ்கள் பை பையாகக் கிடைக்கும். கொஞ்சம் கொண்டு வந்து நட்டுக் கொடுத்தால் அம்மா சந்தோஷப்படுவா. மழை லில்லி வளரும் இடத்தில் அதுவும் வளரும்தானே, இரண்டும் குமிழ்தானே?

மண்புழு:
இரண்டும் குமிழ்தான், ஆனால் பிறந்த ஊர் வேறு. டியூலிப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு கிழமை வரை கடுங்குளிர் வேண்டும். அது இல்லாமல் பூந்தண்டு நீளாது. கொழும்பில் தை மாத நடு இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். குளிர்ப்பெட்டிக்குள் மாதக்கணக்கில் வைத்து எடுத்தாலும் (பழங்களோடு வைத்தால் அவை விடும் வாயுவில் உள்ளே இருக்கும் மொட்டுக் கருகிவிடும்) வெளியே வந்ததும் எங்கள் சூட்டில் மொட்டு விரியாமலேயே வாடும். அடுத்த வருஷம் அதுவும் இல்லை. நுவரெலியாவில் வீடு இருந்தால் வேறு கதை.

அதோடு, குமிழைப் பையில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க முடியாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நடக்கூடிய எதைக் கொண்டு வருவதென்றாலும் முன்கூட்டியே அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும், அந்த நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். குமிழோடு வரும் புழுவும் பூஞ்சணமும் இங்கே பரவினால் வெங்காயச் செய்கைக்குத்தான் ஆபத்து. அம்மாவுக்கு சொக்கலேட் கொண்டு வாருங்கள்.

செம்பருத்தி:
இங்கே வந்து எங்கள் ஊரில் வளர்வதை வாங்கிக் கொடுங்கள், தம்பி. மழை லில்லியிலேயே எத்தனை வகை இருக்கிறது.

இலைமறை, இரத்மலானை:
வகைகளைப் பற்றிப் பேச்சு வந்தபடியால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொழும்பில் அதிகம் காண்பது சின்ன ரோஸ் நிறப் பூ, தாவரவியல் பெயர் செஃபிராந்தஸ் ரோசியா. கியூபா பக்கத்துச் செடி. பூ ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிதாக விரியும், இலை தட்டையானது. புல்வெளிகளில் யாரும் நடாமலே பரவிக் கிடப்பது இதுதான். மண்புழு சொன்ன காய்ச்சலும் நனைச்சலும் இதற்கு அப்படியே பொருந்தும்.

பெரிய ரோஸ் பூ வேறு. கரினாட்டா. கடைக்காரர் பலர் இன்னும் பழைய பெயரில் கிரான்டிஃபுளோரா என்றே எழுதி வைத்திருப்பார்கள். மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் இதன் ஊர். பூ உள்ளங்கையை அடைக்கும். பெரும்பாலும் விதை கட்டாது, குட்டிக் குமிழ் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். பூக்கும்போது கண்ணைப் பறிக்கும், பூக்காதபோது சும்மா ஒரு புல்.

வெள்ளை, கன்டிடா. என்னைக் கேட்டால் கொழும்புக்கு இதுதான் சரி. ஆர்ஜென்டீனா, உருகுவேயில் ரியோ டி லா பிளாட்டா ஆற்றங்கரைச் சேற்று நிலத்தில் வளர்வது. அதனால் வேரில் நிற்கும் ஈரத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். இலை தட்டையாக இராது, கோரைப்புல் தடிப்பில் உருண்டையாக, கரும்பச்சையாக, வருஷம் முழுக்க நிற்கும். பூ இல்லாவிட்டாலும் சாடி வெறுமையாகத் தெரியாது. ஐப்பசி மழை தொடங்கும் காலத்தில் நன்றாகப் பூக்கும், இடைக்கிடை மற்ற மாதங்களிலும் வரும். தண்ணீர் வாளியைக் கையில் இருந்து வைக்க முடியாதவர்கள் (பெயர் சொல்லவில்லை, வெள்ளவத்தையில் ஒருவர் இருக்கிறார்) வெள்ளையை வாங்குங்கள். இரண்டு பேருக்கும் நிம்மதி.

மஞ்சள், சிட்ரினா. காய் கட்டாத பூவே இராது. சாடியில் வைத்த மஞ்சள் பக்கத்துச் சாடியில் எல்லாம் முளைக்கும். எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒழுங்காக அடுக்கி வைக்கிறவர்களுக்குப் பிடிக்காது.

எந்த நிறமானாலும் பூ ஒன்றிரண்டு நாளுக்குத்தான். வெயில் ஏற விரியும், பின்னேரம் குவியும். மப்பான நாளில் முழுக்க விரியாது. சாமிக்கு வைப்பதற்கென்று நடுகிறவர்கள் நந்தியாவட்டையோ செவ்வரத்தையோ நடுவது நல்லது.

கொட்டகைக்காரன்:
வெள்ளைக்கு ஆற்றங்கரைச் சேறு பிடிக்கும் என்றால் மண் கலவை என்ன? நான் எல்லாவற்றுக்கும் தும்புத்தூளும் கொம்போஸ்ட்டும் பாதிக்குப் பாதி போடுகிறேன்.

இலைமறை:
சாடியில் அது கூடிப்போன ஈரம். வைகாசி மழையில் தும்புத்தூள் ஊறினால் கிழமைக்கணக்கில் காயாது, ரோஸ் வகைகளின் குமிழ் அழுகும். தோட்டத்து மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு போதும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. வெள்ளைக்கு வேண்டுமென்றால் மணலைக் குறைத்துக் கொம்போஸ்ட்டைக் கூட்டுங்கள். குமிழின் கழுத்து மண் மட்டத்தில் நிற்கும்படி நடுங்கள், குமிழின் மேல் ஓரங்குலத்துக்கு அதிகமாக மண் வேண்டாம். மூன்று வருஷத்துக்கு ஒருக்கால், சாடி பிதுங்கத் தொடங்கும்போது பிரித்தால் போதும். பிரித்த கையோடு பூவை எதிர்பார்க்காதீர்கள், வேர் பிடிக்க நேரம் எடுக்கும்.

இரவுப்பணி, பொரளை:
வெள்ளவத்தைக்காரரின் மாமி சொன்னதை எல்லாரும் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இந்தக் குமிழை மண் கழுவி வைத்தால் சின்ன வெங்காயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதே பழுப்புத் தோல், உள்ளே அதே வெள்ளை அடுக்கு. இதில் லைகோரின் என்ற நச்சுப் பொருள் உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றோட்டம். குமிழில்தான் அதிகம், இலையிலும் உண்டு.

கசக்கி முகர்ந்து பார்ப்பது நல்ல வழி. வெங்காயம் என்றால் கை மணக்கும், இது வெறும் பச்சைப் புல் மணம்தான். ஆனால் சமையல் அவசரத்தில் யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்? பிரித்தெடுத்த குமிழ்களைக் குசினி யன்னலில் காய வைக்காதீர்கள். றம்பை, கறிவேப்பிலை, வெங்காயத்தாள் வைத்திருக்கும் பக்கத்தில் இந்தச் சாடியை வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளோ பூனை, நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், குமிழ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெள்ளவத்தை பால்கனி:
ஐயோ, என் சாடி வெங்காயத்தாளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போதே நகர்த்துகிறேன்.

கொட்டகைக்காரன்:
நஞ்சு என்கிறீர்கள். பிறகு எப்படி மயிர்க்கொட்டி ஒன்று இராவோடு இராவாக என் வரிசையை மொட்டை அடித்தது? கறுப்பு உடம்பு, வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள்.

இலைமறை:
அது இந்த மாதிரி லில்லிச் செடிகளைத் தின்று வாழ்கிற லில்லிப் புழு. கார்த்திகைப் பூக் கொடியிலும் இதைக் காணலாம். செடியின் நஞ்சு அதற்கு ஒன்றும் செய்யாது, அந்தப் பளிச்சென்ற நிறமே குருவிகளை எட்டி நிற்கச் சொல்லத்தான். மருந்து அடிக்க ஓட வேண்டாம். விடியற்காலையில் கையுறை போட்டுப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். குஞ்சாக இருக்கும்போது கூட்டமாக ஒரே இலையில் நிற்கும், அப்போது பிடித்தால் வேலை சுலபம். இலை போனாலும் குமிழ் மிஞ்சினால் திரும்பத் தளிர்க்கும். மழைக்காலத்தில் இதைவிடப் பெரிய தலையிடி ஆபிரிக்க நத்தை. மொட்டையே கடித்துவிட்டுப் போகும்.

ரொறன்ரோ மாப்பிள்ளை:
சரி, டியூலிப்பை விட்டுவிட்டேன். வெள்ளை லில்லிக் குமிழ் யாரிடமாவது இருந்தால் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாம். என்ன விலை?

மட்டுறுத்துநர்:
விற்பனை, விலை எல்லாம் சந்தைப் பகுதியில் பேசவும். பரிமாற்றம் என்றால் இங்கேயே பேசலாம். தொலைபேசி இலக்கத்தைப் பொதுவில் போட வேண்டாம்.

செம்பருத்தி:
விலை எதற்கு, தம்பி? வெள்ளைக் குமிழ் என்னிடம் ஒரு கொத்து இருக்கிறது, கொட்டாஞ்சேனைக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் விதை யாராவது தந்தால் நல்லது. முன்பு ஒருவர் தந்ததைப் போத்தலில் போட்டு வைத்துப் பிறகு விதைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை.

இலைமறை:
மஞ்சள் என்னிடம் வேண்டிய அளவு வரும், அக்கா. பழைய விதை முளைக்காது, அதை வைத்திருக்கவே கூடாது. பூ வாடி இரண்டு மூன்று கிழமையில் மூன்று புடைப்புள்ள காய் பச்சையிலிருந்து மஞ்சளாகி வெடிக்கும். உள்ளே கறுத்த, தட்டையான, காகிதம் போன்ற விதைகள் அடுக்கி இருக்கும். வெடித்த அன்றே எடுத்து ஈர மண்ணின் மேல் பரப்பி, மணலை மெல்லியதாகத் தூவி விடுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். ஒன்றிரண்டு கிழமையில் ஊசிப் புல்லாக முளைக்கும். குஞ்சுகளுக்கு மட்டும் காய்ச்சல் கொடுக்காதீர்கள், முதல் வருஷம் மண் ஈரமாகவே இருக்கட்டும். பூக்க ஒரு வருஷம், சிலவற்றுக்கு இரண்டு வருஷமும் பிடிக்கும்.

அடுத்த காய் வெடித்ததும் எழுதுகிறேன். காகித உறையில் போட்டு அனுப்புவேன், பொலித்தீனில் போட்டால் வழியிலேயே பூஞ்சணம் பிடிக்கும். வந்த அன்றே விதைத்துவிடுங்கள்.